சின்ன பார்லரில் ஓஜேடி மாணவிகளைச் சேர்த்துக்கொள்ளலாமா?

நீங்கள் கேட்டிருப்பது இது: இரண்டு நாற்காலி, நீங்கள், சம்பளத்துக்கு ஒரு பெண், இவ்வளவுதான் உங்கள் பார்லர். பக்கத்து ஊர் ஐடிஐயில் காஸ்மெட்டாலஜி படிக்கும் இரண்டு மாணவிகளை ஒரு மாதம் ஓஜேடிக்கு, அதாவது கடையிலேயே வேலை செய்து பழகும் பயிற்சிக்கு, அனுப்பட்டுமா என்று கேட்டிருக்கிறார்கள். சேர்க்கலாமா, சேர்த்தால் காசு கொடுக்க வேண்டுமா, கஸ்டமர் மேல் கை வைக்க விடலாமா, தொழிலைக் கற்றுக்கொண்டு எதிரிலேயே கடை போட்டுவிட்டால் என்ன செய்வது என்று நான்கு கேள்வியாக எழுதியிருக்கிறீர்கள். எனக்கு நான்கும் ஒரே கேள்வியாகத்தான் தெரிகிறது. வருகிற பிள்ளைகள் கைக்கு உதவியாக இருப்பார்களா, தலைக்குச் சுமையாக இருப்பார்களா என்று கேட்கிறீர்கள். முதல் இரண்டு வாரம் நிச்சயமாகச் சுமைதான். ஒருத்தியை உட்கார வைத்துச் சொல்லிக்கொடுக்க தினமும் ஒரு மணி நேரம் உங்களிடம் உண்டு என்றால் சேர்த்துக்கொள்ளுங்கள். இல்லையென்றால் இந்த முறை வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள், அதில் தப்பே இல்லை.

தஞ்சாவூர்ப் பக்கம் பார்லர் நடத்துகிறேன். அதற்கு முன்னால் ஒரு பயிற்சி நிலையத்தில் இதே பாடத்தைச் சொல்லிக்கொடுத்தேன். அதனால் பிள்ளைகளை அனுப்புகிறவர்களின் கஷ்டமும் தெரியும், வாங்கிக்கொள்கிறவர்களின் கஷ்டமும் தெரியும். ஆனால் நான் வக்கீல் இல்லை. சட்டம் பற்றிக் கீழே சொல்வதெல்லாம் பார்லர் நடத்துகிறவளாகத் தெரிந்துகொண்டவை. கையெழுத்துப் போடும் முன் உங்கள் ஆடிட்டரிடம் ஒரு வார்த்தை கேட்டுக்கொள்ளுங்கள்.

முதலில் யார் வருகிறார்கள் என்று பிரித்துப் பாருங்கள். ஐடிஐ பாடத்திட்டத்தை 2022-இல் திருத்தினார்கள். அதன்படி ஓராண்டுப் படிப்பில் வகுப்பும் செய்முறையுமாக 1,200 மணி நேரம், அதற்கு மேல் 150 மணி நேரம் ஓஜேடி. பக்கத்தில் இடம் கிடைக்காவிட்டால் அதற்குப் பதில் குழுவாக ஒரு புராஜெக்ட் செய்ய வேண்டும். நாளுக்கு 6 மணி நேரம் என்று வைத்தால் 25 நாள், அதாவது உங்களிடம் கேட்கும் ஒரு மாதம். இந்தப் பெண் அந்த ஐடிஐயின் மாணவி, உங்கள் வேலையாள் இல்லை. அப்ரன்டிஸ் என்பது வேறு. அது 1961 தொழிற்பழகுநர் சட்டத்தின் கீழ் வருவது. உங்களோடு ஒப்பந்தம், போர்ட்டலில் பதிவு, மாதாமாதம் உதவித்தொகை எல்லாம் உண்டு. அந்தத் தொகையில் 25 சதவீதத்தை, மாதம் 1,500 ரூபாய் வரை, மத்திய அரசு ஏற்கும் திட்டமும் உண்டு. ஆனால் 2019 திருத்தத்தின்படி குறைந்தது 4 பேர் வேலை செய்யும் இடம்தான் அப்ரன்டிஸ் எடுக்க முடியும். உங்கள் கடை அந்தக் கணக்கில் வராது. ஆகவே யாராவது ‘அப்ரன்டிஸாகவே போட்டுக்கொள்ளுங்கள், கவர்மென்ட் காசு வரும்’ என்று சொன்னால் நம்ப வேண்டாம்.

இரண்டு பேர் வேண்டாம், ஒருத்தி போதும். இரண்டு நாற்காலி இருக்கும் கடையில் ஏற்கெனவே இருவர் நிற்கிறீர்கள். இன்னும் இரண்டு பேர் வந்தால் நிற்க இடமிருக்காது. வருகிற கஸ்டமருக்கும் நாலு பேர் சுற்றி நின்று தன்னைப் பார்ப்பது போலக் கூச்சமாக இருக்கும். அதோடு இரண்டு பிள்ளைகள் சேர்ந்து வந்தால் தங்களுக்குள் பேசிக்கொள்வார்கள். தனியாக வருகிறவள் உங்கள் கையைப் பார்ப்பாள். ‘ஒரு ஆளை இப்போது அனுப்புங்கள், அவள் முடித்ததும் அடுத்தவளை அனுப்புங்கள்’ என்று ஐடிஐயில் கேட்டுப் பாருங்கள், பெரும்பாலும் ஒத்துக்கொள்வார்கள்.

எந்த மாதம் என்பதையும் நீங்களே சொல்லுங்கள். தை, வைகாசி, ஆவணி முகூர்த்த நேரத்தில் நமக்கே மூச்சு விட நேரமிருக்காது. ஆடியிலோ மார்கழியிலோ கல்யாண வேலை இருக்காது, ஐப்ரோ, ஃபேஷியல், முடி வெட்டு என்று வழக்கமான கஸ்டமர்கள் மட்டும் வருவார்கள். சொல்லிக்கொடுக்க அதுதான் நல்ல காலம். பிரைடல் மேக்கப் பார்க்க முடியவில்லையே என்று பிள்ளைகள் வருத்தப்படுவார்கள். ஆனால் ஐப்ரோவும் வேக்ஸிங்கும் கையில் உட்காராத பெண் பிரைடல் வேலையைப் பார்த்து என்ன கற்றுக்கொள்ளப் போகிறாள்? வாரத்துக்குள்ளும் ஒரு நாளைத் தேர்ந்தெடுக்கலாம். நம் பக்கம் செவ்வாய்க்கிழமை முடி வெட்ட வருகிறவர்கள் குறைவு. அன்று காலை நேரத்தைப் பயிற்சிக்கு என்று ஒதுக்கிவிடுங்கள்.

அடுத்து சொல்லப்போவதை யாரும் உங்களிடம் சொல்லியிருக்க மாட்டார்கள். ஐடிஐக்குப் பதில் சொல்லும் முன் உங்கள் கடையில் வேலை செய்யும் பெண்ணிடம் பேசுங்கள். ‘சம்பளமில்லாமல் ஒருத்தி வருகிறாள், நாளைக்கு அக்கா என்னை நிறுத்திவிடுவார்களோ’ என்ற பயம் அவளுக்கு வரும். அதை வாய்விட்டுச் சொல்ல மாட்டாள். புதுப் பெண்ணிடம் முகம் கொடுத்துப் பேசமாட்டாள், கேட்டதற்குச் சரியாகச் சொல்லிக்கொடுக்க மாட்டாள், வேண்டுமென்றே டவல் துவைப்பதையும் பாத்திரம் கழுவுவதையும் அவள் தலையில் கட்டுவாள். மூன்றாம் நாள் அந்தப் பிள்ளை அழுதுகொண்டு நிற்கும். ‘உன் வேலைக்கு ஒன்றும் ஆகாது, அவளுக்கு த்ரெட்டிங் சொல்லிக்கொடுப்பது உன் பொறுப்பு, அந்த ஒரு மாதத்துக்குத் தனியாக ஒரு தொகை தருகிறேன்’ என்று முன்கூட்டியே சொல்லிவிட்டால் அதே பெண் மிகப் பிரியமாகக் கற்றுக்கொடுப்பாள். சொல்லிக்கொடுக்கச் சொல்லிக்கொடுக்க அவள் கையும் சுத்தமாகும். இதை நான் ஒவ்வொரு தடவையும் பார்த்திருக்கிறேன்.

இனி கஸ்டமர் மேல் கை வைப்பது. ‘முதல் வாரம் பார்க்க மட்டும், அடுத்த வாரம் ஹேர் வாஷ்’ என்று பலர் சொல்வார்கள். நானும் ஹேர் வாஷிலிருந்துதான் ஆரம்பிப்பேன், ஆனால் அது ஆபத்தில்லாத வேலை என்பதால் அல்ல. 1993-இல் அமெரிக்காவில் வெயின்ட்ராப் என்ற நரம்பியல் மருத்துவர், பார்லரில் கழுத்தைப் பின்னால் சாய்த்துத் தலை அலசிய பிறகு பக்கவாதம் வந்த 5 பேரைப் பற்றி எழுதினார். மிக அபூர்வமாக நடப்பதுதான், பயப்பட வேண்டியதில்லை. ஆனால் பேசினின் விளிம்பில் கழுத்து நேராகப் படக்கூடாது, மடித்த டவல் வைக்க வேண்டும், வயதானவர்களிடம் ‘கழுத்து வலிக்குதாம்மா’ என்று நடுவில் கேட்க வேண்டும் என்று முதல் நாளே சொல்லிக்கொடுத்துவிடலாம். தண்ணீரைத் தன் மணிக்கட்டில் விட்டுப் பார்த்த பிறகுதான் கஸ்டமர் தலையில் விட வேண்டும். இந்தச் சின்ன விஷயத்தைச் சரியாகச் செய்கிறாளா என்று இரண்டு நாள் பார்த்தாலே அந்தப் பெண்ணின் கவனம் எப்படி என்று உங்களுக்குத் தெரிந்துவிடும்.

த்ரெட்டிங்குக்கு வருகிறேன். ஐடிஐயில் கற்றுக்கொண்டுதான் வருவார்கள், ஆனால் நூல் சுற்றத் தெரிவது வேறு, முகத்தில் ஓடத் தெரிவது வேறு. என்னிடம் வருகிற பெண் முதலில் தன் காலில் போட்டுக் காட்ட வேண்டும், முழங்காலுக்குக் கீழே, கண்ணாடி இல்லாமல், குனிந்து உட்கார்ந்து. நூலை இறுக்கிப் பிடித்து நடுமுறுக்கை முடி வளர்கிற திசைக்கு எதிராகத் தள்ளுகிறாளா, தோலோடு சேர்த்துக் கவ்வுகிறதா என்று நான் பக்கத்தில் உட்கார்ந்து பார்ப்பேன். புதியவர்கள் செய்யும் தவறு அநேகமாக ஒன்றுதான்: தோல் தளர்ந்திருக்கும்போதே நூலை ஓட்டிவிடுவார்கள். மெல்லிய தோல் கிழிந்து சிவப்புக் கோடு விழும். ‘கண்ணை மூடிக்கங்க, இங்க ஒரு விரல், இங்க ஒரு விரல் வச்சு இழுத்துப் பிடிச்சுக்கங்க’ என்று கஸ்டமரிடம் சொல்லும் வாய்தான் அவளுக்கு முதலில் வர வேண்டும். கூச்சத்தில் பாதிப் பிள்ளைகளுக்கு அந்த வாக்கியமே வாயில் வராது. காலில் சரியாக வந்தபின் நெற்றி, பிறகு தாடை. புருவத்தின் ஷேப் கடைசி. நெற்றியில் தப்பு நடந்தால் யாருக்கும் தெரியாது, புருவத்தில் வால்பகுதி கொஞ்சம் கூடுதலாகப் போய்விட்டால் முளைத்து வர வாரக்கணக்காகும், அந்த அம்மா உங்கள் கடைப் பக்கமே வரமாட்டார். அந்த 25 நாளில் ஒரு பெண் ஐப்ரோ ஷேப் வரை வருவாளா என்று கேட்டால், அது அவள் கையைப் பொறுத்தது. வராவிட்டால் கட்டாயப்படுத்தாதீர்கள்.

வேக்ஸிங்கில் உங்கள் ரெகுலர் கஸ்டமர்களின் கை மட்டும் கொடுக்கலாம், முகமும் அக்குளும் வேண்டாம். வேக்ஸைத் தன் மணிக்கட்டின் உட்புறத்தில் தொட்டுப் பார்ப்பது, முடி வளரும் திசையில் தடவி எதிர்த்திசையில் தோலோடு ஒட்டினாற்போல இழுப்பது, மேலே தூக்கி இழுக்காமல் இருப்பது எல்லாம் அவளுக்குப் பாடத்திலேயே இருக்கும். நீங்கள் சேர்த்துச் சொல்ல வேண்டியது கேள்வி கேட்கும் பழக்கம். சர்க்கரை உண்டா, ரத்தம் உறையாமலிருக்க மாத்திரை சாப்பிடுகிறீர்களா, பருவுக்கு டாக்டர் கொடுத்த க்ரீம், மாத்திரை ஏதாவது ஓடுகிறதா? பருவுக்குக் கொடுக்கும் ரெட்டினாய்டு வகை மருந்து எடுக்கிறவர்களுக்கு வேக்ஸ் போட்டால் மேல்தோல் உரிந்து வந்துவிடலாம். இந்தக் கேள்விகளை ஒரு அட்டையில் எழுதிச் சுவரில் ஒட்டிவையுங்கள், மாணவிக்கும் ஆகும், நமக்கும் ஆகும்.

மாணவி தொடவே கூடாதவை என்று எனக்கு ஒரு வரிசை உண்டு, அதில் நான் இறங்கிவருவதில்லை. ஸ்ட்ரெயிட்டனிங், ஸ்மூத்தனிங், முகத்துக்கு ப்ளீச், முடிக்கு நிறம், ரத்தம் வரக்கூடிய பிளாக்ஹெட் வேலை. முடி நிறத்தோடு கலக்கும் டெவலப்பரில் 20 வால்யூம் என்றால் 6 சதவீதப் பெராக்ஸைடு, 40 வால்யூம் என்றால் 12 சதவீதம். பாட்டில் இரண்டும் ஒரே மாதிரி இருக்கும், அவசரத்தில் மாற்றி எடுத்தால் மண்டைத்தோல் வெந்துவிடும். டையில் இருக்கும் பிபிடி என்ற ரசாயனம் சிலருக்கு முகமே வீங்கும் அளவுக்கு ஒத்துக்கொள்ளாமல் போகும். காதுக்குப் பின்னால் தொட்டுவைத்து 48 மணி நேரம் பார்க்கும் பேட்ச் டெஸ்டை மட்டும் மாணவியைச் செய்யச் சொல்லலாம், அவளுக்கு ஒரு நல்ல பழக்கமாகும். கலக்குவதும் தடவுவதும் உங்கள் கையாலேயே நடக்கட்டும்.

சுத்தத்தைப் பற்றி நீங்கள் கேட்கவில்லை, ஆனாலும் சொல்கிறேன். மாணவி வருகிற மாதம் நம் கடையை நாமே சரிபார்த்துக்கொள்ள வேண்டிய மாதம். அவள் புத்தகத்தில் ஒன்று படித்துவிட்டு வருவாள், நம் கடையில் வேறொன்றைப் பார்ப்பாள். நீல விளக்கு எரியும் யுவி பெட்டியில் சீப்பை வைத்தால் கிருமி போய்விடும் என்று இன்றும் பல பார்லர்களில் நம்புகிறார்கள். அழுக்கும் முடியும் ஒட்டிய சீப்பை அதில் வைத்து ஒரு பயனும் இல்லை. சோப்புப் போட்டுக் கழுவி, கிருமிநாசினியில், அதன் பாக்கெட்டில் குறித்திருக்கும் நேரம் வரை ஊறவைத்து, உலர்த்தியபின் தூசி படாமல் வைப்பதற்குத்தான் அந்தப் பெட்டி. ஒரு கஸ்டமருக்கு எடுத்த நூல் அவர் வேலை முடிந்ததும் குப்பைக்கு. வேக்ஸ் எடுத்துத் தடவிய ஸ்பேட்டுலாவை (தடவும் குச்சியை) மறுபடி உள்ளே விடக்கூடாது. நாம் செய்யாததை அந்தப் பிள்ளையிடம் செய்யச் சொல்ல முடியாது.

கஸ்டமரிடம் எப்படிக் கேட்பது? நாற்காலியில் உட்கார்ந்தபின், அந்தப் பெண் பக்கத்தில் நிற்கும்போது, ‘இவள் செய்யட்டுமா’ என்று கேட்காதீர்கள். வேண்டாம் என்று சொல்ல அவருக்கும் சங்கடம், கேட்டு நிற்பவளுக்கும் அவமானம். போனில் நேரம் கேட்கும்போதே ‘செவ்வாய்க்கிழமை காலை வந்தால் ஸ்டூடண்ட் செய்வாள், நான் பக்கத்தில் இருப்பேன், பொருள் செலவு மட்டும் கொடுங்கள்’ என்று சொல்லிவிடுங்கள். வர விரும்புகிறவர்கள் தெரிந்தே வருவார்கள். பெடிக்யூருக்கு மட்டும் ஒரு விஷயம். அடுத்தவர் காலைத் தொட வேண்டாம் என்று வீட்டில் சொல்லி அனுப்பும் பெற்றோர் இன்னும் இருக்கிறார்கள். நான் அவர்களை அழைத்து இது தொழிலில் ஒரு பகுதி என்று சொல்வேன், அந்தப் பெண்ணுக்கு முன்னால் நானே ஒரு கஸ்டமரின் காலைக் கழுவுவேன். அதற்குப் பிறகு எந்தப் பெண்ணும் தயங்கியதில்லை.

கஸ்டமரின் நகை விஷயத்தில் கவனமாக இருங்கள். ஃபேஷியலுக்குக் கழற்றும் செயின், மூக்குத்தி, கம்மல் எதையும் மாணவி கையால் வாங்கக் கூடாது, அவரவர் பையில் அவரவரே போட்டு ஜிப் மூட வேண்டும். ஏதாவது காணாமல் போனால் முதல் சந்தேகம் புதிதாக வந்த ஏழைப் பிள்ளை மேல்தான் விழும், நகை பிறகு வீட்டிலேயே கிடைத்தாலும் அந்தக் காயம் ஆறாது. கஸ்டமரைப் படம் பிடிப்பதும் ரீல்ஸ் போடுவதும் நீங்கள் கேட்டுச் சம்மதம் வாங்கிய பிறகுதான். இன்னொன்றையும் நான் முதல் நாளே கண்டிப்பாகச் சொல்லிவிடுவேன். ‘கறுப்பா இருக்கீங்க, ப்ளீச் பண்ணிக்கங்க’ என்று யாரிடமும் சொல்லக் கூடாது. வருகிறவர் என்ன கேட்டாரோ அதைச் செய். பதினெட்டு வயதுப் பிள்ளைகள் இந்தப் பேச்சைத் தங்கள் நிறத்தைப் பற்றியும் கேட்டுக் கேட்டு வளர்ந்தவர்கள். நம் கடையில் அது தொடரக் கூடாது.

பத்தாவது முடித்துச் சேர்கிற படிப்பு என்பதால் வருகிறவளுக்கு 18 ஆகாமலும் இருக்கலாம். வயதைக் கேட்டுக்கொள்ளுங்கள். மாலை 5 மணிக்கு அனுப்பிவிடுங்கள், விடியற்காலை முகூர்த்த மேக்கப்புக்கு வெளியூர் அழைத்துப் போகாதீர்கள், அவளே ஆசைப்பட்டுக் கேட்டாலும் சரி. வீட்டு ஆண்கள் கடைக்குள் வந்து போகும் அமைப்பாக இருந்தால் அந்த மாதம் மாற்றிக்கொள்ளுங்கள். பணியிடப் பாலியல் துன்புறுத்தலுக்கு எதிரான 2013 சட்டத்தில் ட்ரெயினியும் அடக்கம். 10 பேருக்குக் குறைவான கடை என்றால் புகார் மாவட்ட அளவிலான உள்ளூர்க் குழுவுக்குப் போகும், இதை அவளிடமே சொல்லிவையுங்கள். உட்கார ஒரு ஸ்டூல் போடுங்கள். கடைகளில் வேலை செய்கிறவர்களுக்கு உட்கார வசதி தர வேண்டும் என்று 2021-இல் தமிழ்நாட்டில் சட்டமே வந்தது, சட்டம் இல்லாவிட்டாலும் நாள் முழுக்க ஒரு பிள்ளையை நிற்க வைப்பது நியாயமில்லை.

காசு. ஓஜேடி மாணவிக்குச் சம்பளம் கொடுங்கள் என்று ஐடிஐ உங்களிடம் கேட்காது. என் வழக்கம் மதியச் சாப்பாடும் போக்குவரத்துச் செலவும் கொடுப்பது. டவுன் பஸ்ஸில் பெண்களுக்கு டிக்கெட் இல்லை என்றாலும், பக்கத்து ஊரிலிருந்து மப்சல் பஸ்ஸில் வருகிறவளுக்குச் செலவு உண்டு. அவள் தனியாகச் செய்து நீங்கள் முழு ரேட் பில் போட்ட வேலை ஒன்று இருந்தால் அதில் அவளுக்கு ஒரு பங்கு கொடுத்துவிடுங்கள். இது சட்டம் இல்லை, என் கருத்து. கூட்டிப் பெருக்குவதும் அப்படித்தான். தான் வெட்டிய முடியைத் தானே பெருக்கட்டும், நாங்களும் அப்படித்தான் செய்கிறோம். காலையிலிருந்து மாலை வரை பெருக்கவும் டீ வாங்கவும் மட்டும் ஒரு மாணவியை வைத்திருந்தால் அது பயிற்சி இல்லை.

எதிரில் கடை போட்டால் என்ன செய்வது என்ற கேள்விக்கு நேராகவே சொல்கிறேன்: போடலாம், தடுக்க முடியாது. ஆனால் 150 மணி நேரத்தில் யாரும் கடை போடும் அளவுக்கு வருவதில்லை. அட்வான்ஸ், நாற்காலி, பேசின், ஏசி என்று தொடங்கவே கையில் கணிசமான பணம் வேண்டும். என்னிடம் கற்றுப் போனவர்களில் அதிகம் பேர் வேறு பார்லரில் சம்பளத்துக்குச் சேர்ந்தார்கள், சிலர் வீட்டுக்குப் போய் ஐப்ரோ, மெஹந்தி செய்கிறார்கள், முகூர்த்த நெருக்கடியில் எனக்கு ஆள் தேவைப்படும்போது முதலில் கூப்பிடுவது அவர்களைத்தான். உங்கள் ஊரில் அப்படியே நடக்கும் என்று நான் உத்தரவாதம் தர முடியாது. கஸ்டமர் போன் நம்பர் இருக்கும் நோட்டையும் மொபைலையும் மட்டும் உங்கள் கையில் வைத்துக்கொள்ளுங்கள், அது கஸ்டமரின் அந்தரங்கத்துக்காகவும்தான். மற்றபடி ஒளித்துவைத்துச் சொல்லிக்கொடுக்காதீர்கள். ஒளிப்பது தெரிந்தவுடன் அந்தப் பெண்ணுக்கு மரியாதை போய்விடும்.

கடைசியாகக் காகிதம். ஐடிஐயிடமிருந்து கடிதமாக வாங்குங்கள்: மாணவியின் பெயர், எந்தத் தேதி முதல் எந்தத் தேதி வரை, தினம் எத்தனை மணி நேரம், பொறுப்பாசிரியரின் போன் நம்பர், அடிபட்டாலோ கஸ்டமருக்கு ஏதாவது நேர்ந்தாலோ யார் பொறுப்பு, மாணவிக்குக் காப்பீடு உண்டா. இதில் பொறுப்பும் காப்பீடும் ஊருக்கு ஊர், நிறுவனத்துக்கு நிறுவனம் மாறும், வாய்வார்த்தையில் விடாதீர்கள். வாரம் ஒருமுறை ஆசிரியர் வந்து பார்ப்பாரா என்றும் கேளுங்கள். வருகைப் பதிவில் அவள் வந்த நாளுக்கு மட்டும் கையெழுத்துப் போடுங்கள். ‘வராவிட்டாலும் பரவாயில்லை, மொத்தமாகப் போட்டுக்கொடுங்கள்’ என்று கேட்கும் இடங்கள் உண்டு. அப்படிக் கேட்டால் அந்த ஐடிஐயிலிருந்து ஆளே எடுக்காதீர்கள். முடியும்போது அவள் என்னென்ன செய்தாள், எதை நீங்கள் பார்த்திருக்கத் தானே செய்தாள் என்று உங்கள் லெட்டர்பேடில் பத்து வரி எழுதிக் கொடுங்கள். ‘நல்ல பெண், சுறுசுறுப்பானவள்’ என்று எழுதுவதைவிட ‘கை வேக்ஸிங், ஹேர் வாஷ், நெற்றி த்ரெட்டிங் தனியாகச் செய்வாள், ஐப்ரோ ஷேப்புக்கு இன்னும் பழக்கம் வேண்டும்’ என்று எழுதினால், அடுத்து அவளை வேலைக்கு எடுக்கிறவர் எங்கிருந்து தொடங்குவது என்று தெரிந்துகொள்வார்.